சேலத்தில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பள்ளிச் சேவையும் தொழிற்பயிற்சியும்: எதை நம்பலாம், எங்கே உஷாராக இருக்க வேண்டும்

சேலம் மாவட்டத்தில் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு என்னென்ன சேவை கிடைக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியும். சின்ன வகுப்புகளில் கவனிக்க ஆள் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சலுகை உண்டு. அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டும். பதினாறு வயதில் பிள்ளை வீட்டோடு உட்கார்ந்துவிடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. ஆகவே வட்டார வள மையம், தேர்வுச் சலுகை, மேல்நிலைத் தொழிற்கல்வி, ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம், திறந்தநிலைப் பள்ளி, தொண்டு நிறுவனங்களின் பயிற்சிக் கூடங்கள் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்து இங்கே எடை போட்டிருக்கிறோம்: இந்தச் சேவையால் பிள்ளை சம்பளம் வாங்கும் ஒரு வேலைக்கு எவ்வளவு கிட்டே போகிறது?

முதலில் வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் உள்ளடக்கிய கல்விப் பிரிவு ஒன்றியம் ஒன்றியமாக இயங்குகிறது. சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர், ஆண்டுக்கு ஒரு மருத்துவ மதிப்பீட்டு முகாம், உதவி உபகரணங்கள், போக்குவரத்துப்படி, துணையாளர்படி, படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டு வழிப் பயிற்சி, சிறப்புத் தேவையுள்ள மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதம் ஊக்கத்தொகை ஆகியவை இதில் அடக்கம். அத்தனையும் இலவசம். மாவட்டத்தில் வேறு எந்தச் சேவையும் இவ்வளவு தூரம் ஊருக்குள் போவதில்லை. அந்த மதிப்பை முழு மனதோடு கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார். அவர் வரும் நாளில் பிள்ளை விடுப்பு எடுத்தால் அந்தச் சுற்று போச்சு. அவருடைய வருகை நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சந்தித்தால் ‘பிள்ளை எப்படி இருக்கான்?’ என்று கேட்காதீர்கள். ‘அடுத்த முறை நீங்க வர்றதுக்குள்ள வீட்டுல எந்த ஒரு விஷயத்தைப் பழக்கணும், சார்?’ என்று கேளுங்கள். பதில் ஒரே விஷயமாக, கண்ணால் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். ‘ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயத்தைப் பிரித்து வைக்கணும்’ என்பது நல்ல பதில். ‘கணக்கு சொல்லிக் கொடுங்க’ என்பது பதிலே இல்லை.

மருத்துவ முகாமுக்கு ஆதார், குடும்ப அட்டை, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்குள்ள எண்), பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் நாலைந்து, பழைய மருத்துவச் சீட்டுகள் வேண்டும். ஆதாரிலும் எமிஸிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முந்தின வாரமே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் ‘கு. மணிகண்டன்’, இன்னொன்றில் வெறும் ‘மணிகண்டன்’ என்று இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை விண்ணப்பம் நின்றுவிடும். பிறகு திருத்தத்துக்கு ஒரு அலைச்சல், புது விண்ணப்பத்துக்கு ஒரு அலைச்சல்.

கற்றல் குறைபாட்டின் நிலைமை வேறு. கை கால், கண், காது சார்ந்த குறைகளை முகாமிலேயே பார்த்துவிடலாம். எழுத்தும் கணக்கும் பிடிபடாத பிள்ளையை மூளையும் காதும் கண்ணும் நன்றாக இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வரையறுத்த 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. எட்டு வயது முடிந்த பிறகே சான்று தருவார்கள். முதலில் நுண்ணறிவுச் சோதனை, அடுத்து பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு. வாசித்தல், எழுத்துக்கூட்டல், புரிந்துகொள்ளல், கணக்கு, பார்த்து வரைதல் என்று தனித்தனியாக இருப்பதால் அவசரமாக முடிக்கக் கூடிய வேலை இல்லை. முகாமில் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு, மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல மனநலப் பிரிவு உள்ள இடத்தில் தனியாக நேரம் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளை எந்த மொழியில் படிக்கிறதோ அந்த மொழியில் சோதிக்கச் சொல்லுங்கள். தமிழ் வழிப் பிள்ளையிடம் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்துச் சோதித்தால் குறைபாடு இல்லாத பிள்ளைக்கும் அது இருப்பதாகக் காட்டும். பழைய நோட்டுப் புத்தகங்கள் இரண்டு கையில் இருக்கட்டும். ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவதை அவை காட்டுவது போல வேறெதுவும் காட்டாது.

ஏற்காட்டிலிருந்து வருபவர்களுக்கு இதில் கூடுதல் பாரம். நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் பக்கமிருந்து ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். கார் பயணத்தில் வாந்தி எடுத்துக் களைத்த பிள்ளையை உடனே சோதனைக்கு உட்கார வைத்தால் மதிப்பெண் குறைந்துதான் வரும். வெறும் வயிற்றோடு கூட்டி வராமல், இறங்கியதும் இட்லியோ பன்னோ கொடுத்து, ஒரு மணி நேரம் ஓய்வு விட்டு உள்ளே அழைத்துப் போங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டணமில்லாப் பேருந்து அட்டையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதல் வேலையாக வாங்கிவிட்டால் அடுத்தடுத்த அலைச்சலின் செலவாவது குறையும்.

அடுத்து பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகை. சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு, கணிப்பான் என்று குறைபாட்டுக்கு ஏற்பக் கிடைக்கிறது. சலுகை தாராளமானது. அதைப் பயன்படுத்தத் தயார் செய்வதில்தான் கோட்டை விடுகிறோம். விண்ணப்பம் மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும். பெயர்ப்பட்டியல் போன பிறகு ஓடினால் கெஞ்ச வேண்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே தாள்கள் தயாராக இருந்தால் பத்தாம் வகுப்பு ஜூன் மாதத்தில் கொடுத்துவிடலாம். தனித்துவ அடையாள அட்டை இருந்தாலே சலுகை தானாக வந்துவிடும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். இரண்டும் வேறு வேறு விண்ணப்பம்.

சொல்வதை எழுதுபவரோடு தேர்வு எழுதுவது தனிப் பழக்கம். பொதுத் தேர்வு அறையில் முகம் தெரியாத ஆசிரியரைப் பக்கத்தில் பார்த்ததும் வாயடைத்துப் போகும் பிள்ளைகள் ஏராளம். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலிருந்தே, தனக்குப் பாடம் நடத்தாத ஓர் ஆசிரியரிடம் சொல்லி எழுதும் பயிற்சி வேண்டும். முதலில் கேள்வி எண், அப்புறம் விடை, ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்தம். கணக்கில் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘எக்ஸ் ஸ்கொயர், ப்ளஸ், அடுத்த வரி’ என்று சொல்லப் பழகாத பிள்ளை மனசுக்குள் விடையைக் கண்டுபிடித்தாலும் தாளில் ஒன்றும் ஏறாது. மூன்று மணி நேரத் தாள் நான்கு மணி நேரமாகும்போது கவனக்குறைவு உள்ள பிள்ளைக்கு அந்தக் கடைசி ஒரு மணி நேரம் சும்மா போய்விடும். தெரிந்த கேள்விகளை முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்து, தண்ணீர் குடித்து, பிறகு மற்றதைத் தொடச் சொல்லுங்கள். தேர்ச்சிக்கு வேண்டியது 35. அந்த 35 எந்தப் பாடப் பகுதிகளிலிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

மொழி விலக்கு பற்றி ஓர் எச்சரிக்கை. பளு குறைகிறதே என்று உடனே தலையாட்ட வேண்டாம். விலக்கு வாங்கிய தாளுக்கு மதிப்பெண் இருக்காது. அடுத்து சேர நினைக்கும் படிப்பு அந்த மொழியைக் கேட்கிறதா என்று முதலில் விசாரித்து, பிறகு எந்த மொழி என்று முடிவு செய்யுங்கள்.

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், வேளாண் அறிவியல், நெசவும் ஆடை வடிவமைப்பும், செவிலியம், அலுவலக மேலாண்மை என்று பாடங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. கையால் கற்கும் பிள்ளைக்குப் பொருத்தமும் கூட. பள்ளியில் அந்தத் தொழிற்கல்வி ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா, ஓய்வு பெற்ற இடம் காலியாகக் கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செய்முறைக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேசை மேல் தூசி படிந்திருந்தால் அங்கே கரும்பலகையில்தான் வயரிங் நடக்கிறது.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, லேசான மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு, மாவட்டத்தில் எங்கள் முதல் பரிந்துரை அரசு ஐடிஐ. அதற்கு மூன்று காரணம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியிலேயே சேரக்கூடிய வயர்மேன், தையல் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகள் உண்டு. எழுத்துத் தேர்வு கணினியில், விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. கையெழுத்தும் எழுத்துப்பிழையும் பிள்ளையைக் கவிழ்க்காது. செய்முறையில் 60 சதவீதம் வேண்டும், மற்றப் பாடங்களுக்கு 33 போதும். கை நன்றாக ஓடும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு சாதகம். பயிற்சியாளர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. சேலம் அரசு ஐடிஐ கோரிமேட்டில், ஏற்காடு சாலையிலேயே இருப்பதால் மலையிலிருந்து இறங்கும் பிள்ளை பேருந்து மாற வேண்டியதில்லை. மூன்று பேருந்து மாறி வரும் பிள்ளை மழைக்காலத்தில் முதலில் தவறவிடுவது வருகைப் பதிவைத்தான். அதனால் இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தப் பிரிவின் பாடத்திட்டத்தைத் திறந்து முதல் சில பக்கங்களைப் பாருங்கள். எந்த வகை மாற்றுத்திறனாளிகள் சேரலாம் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக அச்சிட்டிருக்கிறார்கள். கலந்தாய்வு நாளில் ‘இவனால முடியாதும்மா’ என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே பதில்.

ஐடிஐயில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் முதல் மூன்று மாதம். எஃகு அளவுகோலில் அரை மில்லிமீட்டர் கோட்டைப் படிப்பது, வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவி, பட்டறைக் கணக்கு, வரைபடம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். வலது இடது குழம்பும் பிள்ளைக்கு இருவழி ஸ்விட்ச் வரைபடம் தலைகீழாகத் தெரியும். இதற்கு உதவி பெரிய செலவு வைப்பதில்லை. அளவுகோலில் 10, 20, 30 மில்லிமீட்டர் இடங்களில் நிற நாடா ஒட்டிக் கொடுங்கள். அளந்து பார்ப்பதற்குப் பதில் ‘நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் தவறு’ என்று காட்டும் அளவுக் கட்டைகளைக் கேளுங்கள். வயரிங் பலகையை நின்ற இடத்திலிருந்தே செல்போனில் படமெடுத்து, அந்தப் படத்தைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். பயிற்றுநர் ஒரே மூச்சில் ஐந்து கட்டளை சொன்னால் பிள்ளைக்கு முதலும் கடைசியும்தான் நிற்கும். ஒன்று சொல்லி, செய்ததும் அடுத்தது சொல்ல ஆசிரியரிடம் முதல் வாரமே வேண்டிக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வலிப்பு வரும் பிள்ளைக்கு வெல்டிங்கும் லேத்தும் வேண்டவே வேண்டாம், மருந்தில் கட்டுக்குள் இருந்தாலும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தகடு அடிக்கும் சத்தம் தாங்காது. சேரும் முன் பட்டறை ஓடும் நேரத்தில் ஒரு மணி நேரம் நிற்க வைத்துப் பாருங்கள்.

ஆறு ஏழு பாடச் சுமையில் பிள்ளை நொறுங்கிப் போகிறது என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளியைப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம் போதும், கணக்கு கட்டாயமில்லை. மனையியல், ஓவியம், தரவு உள்ளீடு போல எடுக்கலாம். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. தேறிய பாடம் தேறியதாகவே இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தினமும் பள்ளிக்குப் போகும் ஒழுங்கு இதில் இல்லை. வீட்டில் நேரம் ஒதுக்கி உட்கார வைக்க ஒருவர் இல்லாவிட்டால் புத்தகப் பார்சல் பிரிக்காமலே கிடக்கும்.

இனி பயிற்சிக் கூடங்கள். அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளில் பலருக்குப் பத்தாம் வகுப்புச் சான்று கையில் இருக்காது. அவர்களுக்குச் சிறப்புப் பள்ளிகளோடு ஒட்டி அறக்கட்டளைகள் நடத்தும் தொழிற்பயிற்சிக் கூடம்தான் வழி. பதினைந்து வயதிலிருந்து முன் தொழிற்பயிற்சி, பதினெட்டு வயதுக்கு மேல் தொழிற்பயிற்சி. இந்தக் கூடங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெற்றோர் ஏமாறுவதும் மனம் நிறைவதும் இங்கேதான்.

உள்ளே நுழைந்ததும் கண்காட்சி மேசையில் மெழுகுவர்த்தி, காகிதப் பை, கால்மிதி, பினாயில் பாட்டில் அழகாக அடுக்கியிருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்து மணிக்குப் போய், வேலை மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். பிள்ளை மடிக்கும் மூலையைப் பயிற்றுநர் தன் கையால் சரி செய்து அடுக்குகிறாரா? அப்படியானால் அந்தப் பை பயிற்றுநர் செய்த பைதான்.

மருந்துக் கடைக் காகிதக் கவரை எடுத்துக்கொள்வோம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் தடை இருப்பதால் காகிதக் கவரை வாங்க ஆள் இருக்கிறது. நல்ல கூடத்தில் இந்த ஒரு கவரைப் பல படிகளாக உடைத்திருப்பார்கள்: அட்டை அச்சை வைத்துத் தாளை வெட்டுவது, முதல் மடிப்பு, இரண்டாம் மடிப்பு, ஓரத்தில் பசை, ஒட்டுவது, அடிப்பக்க மடிப்பு, பசை, அழுத்துவது, எண்ணிக் கட்டுவது. எதிலும் தப்பு வரும் இடம் பசைதான். பிள்ளை அகலமாகத் தடவும், தாள் ஊறும், காய்ந்ததும் கவர் தானே ஒட்டிக்கொண்டு திறக்காது. அதற்கு ஒரு மறைப்பு அட்டை: தாளின் மேல் வைத்தால் 1 சென்டிமீட்டர் ஓரம் மட்டும் வெளியே தெரியும். பிள்ளை எப்படித் தடவினாலும் பசை அந்தக் கோட்டுக்குள்தான் விழும். எண்ணத் தெரியாத பிள்ளைக்குப் பத்துத் தடுப்புள்ள தட்டு. ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு கவர், தட்டு நிறைந்தால் ஒரு கட்டு, பத்துக் கட்டு சேர்ந்தால் நூறு. இந்த மாதிரி அட்டையும் தட்டும் மேசையில் இருந்தால் அந்தக் கூடத்தில் யோசிக்கும் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். ‘இவனுக்குப் பசை வேலை வராது’ என்று சொல்லி ஓரமாக உட்கார வைத்திருந்தால் இல்லை என்று அர்த்தம்.

கற்பிக்கும் வரிசையையும் கேளுங்கள். பின்னிருந்து தொடங்குவதே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பலன் தருகிறது. முதல் எட்டுப் படியைப் பயிற்றுநர் செய்து கொடுப்பார், கடைசிப் படியைப் பிள்ளை செய்து முடிக்கும். முடித்த கவர் தன் கையில் இருப்பதைப் பார்க்கும் பிள்ளை மறுபடி உட்காரும். அது பழகியதும் கடைசி இரண்டு படி, பிறகு மூன்று. கை பிடித்துச் செய்வதில் தொடங்கி, தொட்டுக் காட்டி, விரலால் சுட்டி, கடைசியில் உதவியில்லாமல் விட வேண்டும். பத்துத் தடவையில் எட்டுத் தடவை தானாகச் செய்வது மூன்று நாள் தொடர்ந்தால் அடுத்த படிக்கு நகர்த்தலாம். இந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எண்பது சதவீதம் எட்டினால் அடுத்த நிலை என்ற கணக்கு, சிறப்புப் பள்ளிகளில் பயன்படுத்தும் செயல்திறன் மதிப்பீட்டுப் பட்டியலிலும் உண்டு. ‘நல்ல முன்னேற்றம்’ என்று மாதா மாதம் எழுதியிருப்பது பதிவேடு ஆகாது.

செய்யும் பொருளைப் பற்றியும் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. மெழுகுவர்த்தி முதல் தொழிலாக வேண்டாம். பாரஃபின் மெழுகு 50 முதல் 65 டிகிரி வரை சூட்டில் உருகும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், விற்பனையோ கண்காட்சி நாளில் மட்டும். கச்சாப் பொருள் மலிவு, கற்றுக்கொடுப்பது சுலபம் என்பதால் கூடம் கூடமாக இதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பினாயில், வாயில் கை வைக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு ஆகவே ஆகாது. துணிப் பை தைப்பதற்கு எங்கள் ஓட்டு. மஞ்சப்பைக்கு நேர்த் தையல் மட்டும் போதும், காலர் இல்லை, வளைவு இல்லை. சேலத்தில் விசைத்தறித் துணிக்குப் பஞ்சமும் இல்லை. இரண்டு பக்கத் தையல், வாய் மடிப்பு, கைப்பிடி. கைப்பிடி முறுக்கிக்கொள்வது வழக்கமான பிழை. நாடாவின் ஒரு பக்கத்தில் சாக்பீஸ் கோடு போட்டு ‘கோடு உன்னைப் பார்க்கணும்’ என்று பழக்கினால் சரியாகும். சாதாரண மோட்டார் தையல் எந்திரம் பெடலை மிதித்ததும் பாய்ந்துவிடும். சர்வோ மோட்டார் வைத்த எந்திரத்தில் அதிகபட்ச வேகத்தைக் குறைத்துப் பூட்டி வைக்கலாம். ஊசிக்கு விரல் காப்புக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இவை இரண்டும் இல்லாத தையல் பிரிவில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

சேலத்துக்கே உரிய வாய்ப்பு வெள்ளிக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்துப் பட்டறைகளில் உருக்குவது, பற்றவைப்பது, அமிலத்தில் போடுவது எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் எந்தப் பிள்ளையும் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆனால் ஜோடி சேர்ப்பது, சலங்கை எண்ணிப் போடுவது, எடை போட்டுப் பையில் அடைப்பது போன்ற வேலைகளை, ஒரே மாதிரி திரும்பச் செய்வதில் நிம்மதி காணும் ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் மற்றவர்களைவிடத் துல்லியமாகச் செய்கிறார்கள். முதலாளிகள் தயங்குவதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை, வெள்ளிக் கணக்கு. சாயங்காலம் எடை குறைந்தால் பேச்சு வராத பிள்ளை மேல் பழி விழும். காலையில் தட்டோடு எடை போட்டுக் கொடுத்து, சாயங்காலம் தட்டோடு எடை போட்டு வாங்கி, இரண்டு எண்ணையும் ஒரே சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அந்தப் பிரச்சினை தீர்கிறது. இப்படிப் பட்டறைக்கே போய்ப் பேசி, முதல் மாதம் பிள்ளையோடு உட்காரும் பயிற்றுநர் உள்ள கூடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் காகிதக் கவருக்குக் கடை இல்லை, கொலுசுக்குப் பட்டறை இல்லை. அங்கே நாற்றங்கால் இருக்கிறது. காப்பி நாற்றுப் பை நிரப்புவது சேர்வராயன் மலைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்த்துப் பழகிய வேலை. பெரும்பாலும் அப்பா அம்மா செய்யும் வேலையும் கூட. மண் கலவை 6 பங்கு காட்டு மண், 2 பங்கு தொழு உரம், 1 பங்கு மணல். எண் புரியாத பிள்ளைக்கு மூன்று நிறச் சட்டி வையுங்கள். சுவரில் ஆறு பழுப்பு வட்டம், இரண்டு கறுப்பு, ஒரு வெள்ளை. ஒரு சட்டி கொட்டியதும் ஒரு வட்டத்தின் மேல் கூழாங்கல். 23-க்கு 15 சென்டிமீட்டர் பையை விரித்து, மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தரையில் இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி நிரப்பி, மறுபடி தட்டி, வாயிலிருந்து இரண்டு விரல் அகலம் விட வேண்டும். தட்டாமல் நிரப்பிய பை முதல் தண்ணீரில் பாதியாக அமுங்கும். வாய் வரை நிரப்பிய பையில் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். அடியில் தட்டாத பை சாய்ந்து வரிசையையே சாய்க்கும். பையின் வெளியே நிரப்ப வேண்டிய உயரத்தில் பட்டையாக ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டால் ‘ரெண்டு விரல்’ என்ற பேச்சே வேண்டாம். விதை போடுவது டிசம்பர், ஜனவரி; நாற்றைப் பைக்கு மாற்றுவது பிப்ரவரி, மார்ச்; நடவு தென்மேற்குப் பருவமழையில். ஆகவே டிசம்பரில் பயிற்சியைத் தொடங்கினால் வேலை கேட்கும் நேரத்தில் கை பழகியிருக்கும். ஜூனில் தொடங்கினால் அடுத்த ஆண்டு வரை வெறும் பயிற்சிதான். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளையென்றால் வலிப்பு மருந்தின் நேரமும் அளவும் விடுதிக் காப்பாளர் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். பகலில் சிறப்பாசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதாது, இரவு மருந்து தவறினால் மறுநாள் வேலை மேசையில் பிள்ளைக்கு வலிப்பு வரக்கூடும்.

கூலியைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, பொருள் விற்றால் பிள்ளைக்கு எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். பத்துக் கவர் ஒட்டினாலும் அதற்குரிய காசு மாதக் கடைசியில் கையில் வந்து, அதில் ஒரு பகுதியைப் பிள்ளையே கடையில் கொடுத்து ஏதாவது வாங்க வேண்டும். பயிற்சியில் அதுவும் ஒரு பாடம். பயிற்றுநருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருவர் எட்டுப் பேருக்கு மேல் பார்க்கிறார் என்றால் மேசையில் கற்பித்தல் நடக்காது, காவல்தான் நடக்கும்.

பதினெட்டு வயது நெருங்கும்போது காகித வேலை மறுபடி வரும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று வேண்டியிருக்கும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதைத் தருகிறது. இந்த நான்கு பிரிவினருக்கும் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. அறிவுசார் குறைபாட்டுக்கான மாதப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். பிறந்த நாள் தாண்டிய பிறகு ஓடாமல், பதினேழரை வயதில் விவரம் கேட்டுத் தாள்களைச் சேர்த்து வையுங்கள்.

கடைசியாகச் சேர்க்கை. எந்தக் கூடமானாலும் பணம் கட்டும் முன் இரண்டு நாள் பிள்ளையை மேசையில் உட்கார வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். முதல் நாள் புது இடத்துக்கு மிரளும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தானாக அதே நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தால் சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டு நாளைத் தர மறுக்கும் இடத்தில் மறுபேச்சில்லாமல் விடைபெற்று, அடுத்த இடத்தைப் பார்க்கலாம்.